கேமராவைவிடப் பை கனமா? பாட்டியின் காண்டாக் கம்பு காட்டிக்கொடுத்த தோள் பை

(திரையில்: சமையலறைத் தராசின் மேல் ஒரு வெறும் பை)

இது வெறும் பை. உள்ளே கேமரா இல்லை, லென்ஸ் இல்லை, ஒரு மெமரி கார்டுகூட இல்லை. தராசு காட்டும் எண்ணைப் பாருங்கள்: 1,240 கிராம். இப்போது பையை இறக்கிவிட்டுக் கேமராவை வைக்கிறேன். 403 கிராம். ஒரு கேமராவைச் சுமக்க நான் வாங்கிய பை, மூன்று கேமராக்களின் எடையைத் தானே வைத்துக்கொண்டிருக்கிறது!

இந்தப் பையோடுதான் போன தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோவிலுக்குப் போனேன். விடியற்காலை நான்கு மணியிலிருந்து பத்து மணி வரை காவடிகளோடு நடந்து படமெடுத்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், வலது தோளில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு வரி. மறுநாள் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. பையின் விளம்பரத்தில் 'மெத்தென்ற தோள் பட்டை' என்று போட்டிருந்தார்கள். பட்டை மெத்தென்றுதான் இருந்தது. பிறகு ஏன் வலித்தது? கடைசியில் அதற்கு விடை கிடைத்தது என் பாட்டி வீட்டுச் சுவரில். கொஞ்சம் பொறுங்கள், காட்டுகிறேன்.

வணக்கம் மக்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் நிறைய பேர் இப்போது சின்னக் கேமராவோடு கல்யாணம், பள்ளி நிகழ்ச்சி, கோவில் திருவிழா என்று கிளம்பிவிடுகிறார்கள். கேமரா வாங்க ஆறு மாதம் யோசிக்கிறோம். பையை மட்டும் படத்தைப் பார்த்ததும் வாங்கிவிடுகிறோம். இந்தக் காணொளி அந்தப் பிள்ளைகளுக்காக.

முதலில் சுமை எவ்வளவு என்று பார்த்துவிடலாம். என்னிடம் இருப்பது சோனி ஏ6400. பேட்டரியும் கார்டும் சேர்த்து 403 கிராம். அதோடு வந்த 16-50 லென்ஸ் 116 கிராம். சிக்மா 30 மில்லிமீட்டர் எஃப் 1.4 லென்ஸ் 265 கிராம். மூன்றும் சேர்ந்தே 784 கிராம்தான். மாற்று பேட்டரி, துடைக்கும் துணி, தூசி ஊதும் ரப்பர் குமிழ், சின்ன பவர் பேங்க் எல்லாம் போட்டால் ஒரு கிலோவைத் தொடும். அப்புறம் அரை லிட்டர் தண்ணீர் போத்தல், அது அரை கிலோ. கவனித்தீர்களா? உள்ளே இருப்பதில் கனமான பொருள் கேமரா இல்லை, தண்ணீர்! ஆக மொத்தம் ஒன்றரை கிலோ. இதை அந்தப் பழைய பையில் போட்டால் 2.7 கிலோவைத் தாண்டும். 600 கிராம் பையில் போட்டால் 2.1 கிலோவோடு நிற்கும். அதனால் என் கணக்கு இது: வெறும் பை, கேமராவும் லென்ஸ்களும் சேர்ந்த எடையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் தொடுவதில்லை.

சரி, இப்போது சுவருக்கு வருவோம்.

(திரையில்: சுவரில் இரண்டு ஆணிகளின் மேல் கிடக்கும் ஒரு மரக்கம்பு)

இது என் பாட்டியின் காண்டாக் கம்பு. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பால்மரம் சீவுகிறவர்கள் மங்குக் கிண்ணங்களில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, இரண்டு வாளிகளை இந்தக் கம்பின் இரண்டு முனைகளிலும் மாட்டி, தோளில் வைத்து, பால் நிறுக்கும் கொட்டகை வரை நடந்து போவார்கள். இரண்டு வாளியும் நிறைந்தால் இருபது கிலோவுக்கு மேல். பாட்டி முப்பது வருடம் அப்படி நடந்தவர். இன்றைக்கும் முட்டி வலிக்கிறது என்பார். தோள் வலிக்கிறது என்று நான் கேட்டதே இல்லை.

கம்பைக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். முனைகளில் கம்பு உருண்டையாக இருக்கிறது. நடுவில், தோளில் உட்காரும் இடத்தில் மட்டும் தட்டையாகச் செதுக்கியிருக்கிறார்கள். என் விரல்களை வைத்துக் காட்டுகிறேன்: நான்கு விரல் அகலம். ஓரத்தைத் தடவினால் கூர்மையே இல்லை, சரித்து இழைத்திருக்கிறது. வியர்வை பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் கறுத்து வழவழவென்று ஆகிவிட்டது. 'இவ்வளவு வழவழப்பாக இருந்தால் வழுக்காதா பாட்டி?' என்று கேட்டேன்.

'அதுக்குத்தான்யா துண்டை மடிச்சுப் போடுவோம். துண்டு மெத்தைக்கு இல்ல, வழுக்காம இருக்க' என்றார்.

எனக்கு அந்த நிமிடத்தில் கல்லுமலை வலி புரிந்துவிட்டது. அகலம், ஓரம், பிடிப்பு: அந்தக் கம்பிலும் துண்டிலுமாக இந்த மூன்றும் இருக்கின்றன. என் 1,240 கிராம் பையில் இந்த மூன்றுமே இல்லை.

அகலத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. தோளில் பட்டை படும் நீளம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை சென்டிமீட்டர் அகலப் பட்டை என்றால் 37.5 சதுர சென்டிமீட்டரில் மொத்தச் சுமையும் இறங்குகிறது. ஐந்து சென்டிமீட்டர் பட்டை என்றால் 75. சுமை அதேதான், அழுத்தம் பாதியாகிவிடுகிறது. என் பையில் மெத்தைத் துண்டு இருந்தது. ஆனால் அது பட்டையில் கோத்து விட்ட தனித் துண்டு. நான் நடக்க நடக்க அது முதுகுப் பக்கம் நழுவிப் போய்விட்டது. கடைசியில் தோளில் உட்கார்ந்தது அந்த ஒல்லி நைலான் நாடாதான். சிவப்பு வரி அதனுடைய வேலை.

சரி, கையைத் தூக்க முடியாமல் போனதற்கு என்ன காரணம்? அது வழுக்கலின் வேலை. பட்டை வழுக்கினால் நமக்கே தெரியாமல் தோளை மேலே தூக்கிப் பிடித்துக்கொள்கிறோம். இப்போதே பாருங்கள்: ஒரு பையை ஒரு பக்கத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நில்லுங்கள். அந்தப் பக்கத் தோள் கொஞ்சம் உயரமாக இருக்கும். கழுத்திலிருந்து தோள் வரை இறங்கும் ட்ரபீசியஸ் தசை அவ்வளவு நேரமும் இறுகியே இருக்கும். ஆறு மணி நேரம் இறுகிக் கிடந்தால் மறுநாள் கை எப்படி மேலே போகும்?

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா இன்குவைரர் பத்திரிகையில் ஜிம் டோம்கி என்று ஒரு படக்காரர் இருந்தார். அன்றைய கேமரா பைகள் பெட்டி மாதிரி விறைப்பாக இருந்ததால், 1970களில் அவரே மென்மையான கான்வாஸ் துணியில் ஒரு பை வடிவமைத்தார். டோம்கி எஃப்-2 என்ற அந்தப் பை இன்றும் புகழ்பெற்றது. அதன் பட்டையில் வழுக்காமல் இருக்க என்ன செய்தார்கள் தெரியுமா? நாடாவின் நெசவிலேயே ரப்பர் இழைகளைச் சேர்த்துவிட்டார்கள்! பாட்டியின் துண்டு செய்த வேலையை அங்கே ரப்பர் செய்கிறது. 1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சிலவற்றை நமக்குப் பக்கத்தில் இருக்கும் கோலகங்சாரில்தான் நட்டார்கள். ரப்பரோடு வளர்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு வழுக்கும் நைலானைத் தோளில் போட்டுக்கொண்டேனே என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனது கேட்கவில்லை.

இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் கதையும் இதே மாதிரிதான். 1973இல் தொடங்கியவர்கள் முதலில் தைத்தது மீன்பிடிப் பை. படக்காரர்கள் அதை வாங்கிக் கேமரா போட ஆரம்பித்த பிறகுதான் கேமரா பைக்கு வந்தார்கள். அவர்களுடைய துணியின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் மழைக்காக ஒரு பியூட்டைல் ரப்பர் அடுக்கு இருக்கிறது. விலை மிக அதிகம், நான் வாங்கவில்லை.

காண்டாவை விட்டு நகர மனம் வரவில்லை, இன்னும் ஒன்று. பழந்தமிழில் காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவடி என்ற சொல்லிலேயே தோள் இருக்கிறது. இதைவிட அழகு கலப்பை என்ற சொல். உழுகிற கலப்பையைத்தான் நமக்குத் தெரியும். ஆனால் பழைய பாணர்கள் தங்கள் இசைக்கருவிகளைப் போட்டுக் கட்டிச் சுமந்த பைக்கும் கலப்பை என்றே பெயர். கலம் போடும் பை! ஊர் ஊராகப் போகிற கலைஞனின் கருவிப் பைக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே நம்மிடம் தனிச் சொல் இருந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நான் கேமரா பையை வீட்டில் கலப்பை என்றுதான் சொல்கிறேன். தம்பியும் சொல்லப் பழகிவிட்டான்.

ஆனால் காண்டாவுக்கும் பைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காண்டாவில் இரண்டு பக்கமும் வாளி, அதனால் உடம்பு நேராக நிற்கிறது. பைக்கு ஒரே பக்கம்தான். அதற்கு நாம் செய்யக்கூடியது, பட்டையை மார்புக்குக் குறுக்கே போட்டுக்கொள்வது. தோளைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய வேலை போய்விடும். அப்புறம், பாட்டி நடுவழியில் தோள் மாற்றிக்கொள்வார். நீங்களும் அரை மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். சில பைகளை இடது தோளுக்கு மட்டும் என்றே தைத்திருக்கிறார்கள். அது வேண்டாம்.

பட்டையின் நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பை இடுப்பு எலும்புக்குக் கொஞ்சம் மேலே, உடம்போடு ஒட்டி உட்கார வேண்டும். தொடை வரை தொங்கவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் ஊஞ்சல் மாதிரி ஆடி இடிக்கும். மோட்டாரில் போகிறவர்கள் பட்டையை இன்னும் இறுக்கிப் பையை முதுகுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். தோட்டத்துச் செம்மண் சடக்கில் பை வயிற்றுப் பக்கம் சுழன்று வந்து கைப்பிடியில் மாட்டினால் ஆபத்து. இடுப்பைச் சுற்றிக் கட்ட ஒரு சின்ன நாடா உள்ள பை கிடைத்தால் விடாதீர்கள்.

அளவு? ஐந்தாறு லிட்டர் போதும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பாமல் நம் கை சும்மா இருக்காது.

மூடியைத் திறக்கும் விதத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. மூடி உடம்புக்கு எதிர்ப்பக்கம் மடிய வேண்டும், அப்போதுதான் குனிந்ததும் உள்ளே இருப்பது தெரியும். அப்புறம் அந்த வெல்க்ரோ. ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிஸ் பொறியாளர், தன் நாயின் முடியில் ஒட்டிக்கொண்ட முள்காய்களைப் பார்த்துக் கண்டுபிடித்தது. நம் காற்சட்டையில் ஏறுகிற ஒட்டுப்புல்லை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வித்தைதான். அற்புதமான பொருள், ஆனால் சத்தம்! தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவில் எல்லோரும் கண்ணை மூடி இறைவணக்கத்துக்கு நிற்கும்போது பையிலிருந்து 'சர்ர்ர்' என்று வந்தால், பிள்ளைகள் எல்லாரும் ஒரு கண்ணைத் திறந்து நம்மைத்தான் பார்ப்பார்கள். ஜிப் அல்லது கொக்கி உள்ள பையாகப் பாருங்கள்.

மழைக்கு உறை அவசியம். ஆனால் இந்த ஊரில் மழையைவிடப் பெரிய எதிரி ஈரக்காற்று. வீட்டுக்கு வந்ததும் கேமராவையும் லென்ஸையும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். பையின் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், லென்ஸில் பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஈரப்பதம் நாற்பதிலிருந்து ஐம்பது விழுக்காட்டுக்குள் இருக்கட்டும்.

இனி வாங்கும்போது செய்ய வேண்டிய ஒரே சோதனை. ஒரு கிலோ சீனிப் பொட்டலம் ஒன்று, அரை லிட்டர் தண்ணீர் போத்தல் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் நம் சுமையான ஒன்றரை கிலோ சரியாக வந்துவிடும். கடைக்கு இதைக் கொண்டுபோங்கள். இணையத்தில் வாங்கினால், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் வீட்டில் செய்யுங்கள். பையில் போட்டு மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் நடங்கள். நான் கடைத்தெருவிலிருந்து கோவில் வரை போய், பசியாறிவிட்டுத் திரும்பி வருவேன். வந்ததும் தோளைத் தொட்டுப் பாருங்கள். கோடு விழுந்திருந்தால் பை வேண்டாம். ஒரு தடவைகூடப் பட்டையை இழுத்துச் சரிசெய்யவில்லை என்றால், அந்தப் பையை வாங்கலாம்.

கையில் காசு குறைவா? இருக்கிற பையிலேயே பட்டையை மட்டும் மாற்றுங்கள். பையின் இரண்டு பக்கமும் வளையம் இருந்தால் போதும். பட்டையைக் கழற்றி, ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில், உள்பக்கம் ரப்பர் பிடிப்புள்ள பட்டையைக் கொக்கி போட்டு மாட்டலாம். கடைசியில் நானும் ஒரு பழைய துணிப் பைக்கு அதைத்தான் செய்தேன். எல்லாம் சேர்த்து 560 கிராம். போன வாரம் ஒரு கல்யாணத்தில் எட்டு மணி நேரம் போட்டிருந்தேன்.

(திரையில்: காண்டாக் கம்பின் நடுப்பகுதி, அதன் மேல் புதிய பட்டை)

பாருங்கள், பட்டையைக் கம்பின் மேல் வைத்தால் கம்பின் ஓரம் கொஞ்சம் வெளியே தெரிகிறது. இன்னும் ஒரு விரல் குறைகிறது. உங்கள் வீட்டில் பாட்டி, தாத்தாவின் காண்டாக் கம்பு இருந்தால் அதன் நடுப்பகுதியை அளந்து, எத்தனை விரல் அகலம், எந்தத் தோட்டம் என்று எழுதி அனுப்புங்கள். எங்கள் பாட்டியுடையது நான்கு விரல்.