மரம் மறுத்த இடம்

அவையில் கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம். ஒரு நாற்காலி நம்மை ஏன் வியக்க வைக்கிறது என்று கேட்டால், பலரும் அதன் புதுமையான வடிவத்தையே காரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எந்தப் புது வடிவமும் நாள்பட நமக்குப் பழகிவிடும். மூலப்பொருள் இணங்க மறுத்த இடத்தில் வடிவமைப்பாளர் என்ன செய்தார் என்பதே எனக்கு இன்னும் பழகாத வியப்பு.

மரச்சாமான் வடிவமைப்பாளர் மிக்கேல் தோனெட் 1859-இல் உருவாக்கிய 14-ஆம் எண் நாற்காலியை எடுத்துக்கொள்வோம். நீராவியில் பதப்படுத்திய பீச் மரக்கழியை வளைக்கும்போது உட்புறம் நெருக்குண்டு சுருங்கும், வெளிப்புறம் இழுபடும். பதப்பட்ட மரம் நெருக்குதலை நன்றாகவே தாங்கும். இழுப்பைத் தாங்காமல் வெளிப்புறத்தில் பிளந்துவிடும். தோனெட் அந்த வெளிப்புறத்தில் ஓர் இரும்புப் பட்டையை வைத்து, கழியின் இரு முனைகளிலும் இறுகப் பிணைத்து, அதன் பிறகே வளைத்தார். பட்டை நீளாது என்பதால் மரமும் நீள வழியில்லாமல், நெருக்குண்டபடியே வளைந்துகொடுத்தது. ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள், அவ்வளவுதான் நாற்காலி. பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின. அதன் வளைவை அழகுக்கென்று வரைந்த கோடாக என்னால் பார்க்க முடிவதில்லை.

அமெரிக்க வடிவமைப்பாளர் சார்ல்ஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரே ஈம்ஸும் இருக்கையும் முதுகும் சேர்ந்த ஒரே ப்ளைவுட் ஓடாக நாற்காலி செய்ய முயன்றார்கள். இரண்டும் கூடும் வளைவில் பலகை வெடித்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காக அவர்கள் ப்ளைவுட்டில் கால் சிம்பு, அதாவது அடிபட்ட காலை அசையாமல் பிடித்துவைக்கும் தாங்கி, செய்துகொடுத்தார்கள். அதில் விட்ட துளைகள் வளைவின் இறுக்கத்தைத் தளர்த்தின. கட்டுத்துணியைக் கோத்துக் கட்டவும் அவையே இடமளித்தன. ஒரு வெட்டில் இரு வேலை முடியும் இத்தகைய இடங்களைக் கண்டால் நான் சற்று நேரம் நின்றுவிடுவேன்.

போருக்குப் பின் வந்த நாற்காலியில் அவர்கள் ஒரே ஓடு என்ற பிடிவாதத்தைக் கைவிட்டார்கள். இருக்கை தனி, முதுகு தனி. இரண்டையும் தாங்க வளைந்த ப்ளைவுட் தண்டு. இடையில் ரப்பர் வட்டுகள். சாய்ந்தால் முதுகுப்பலகை சற்றே அசைந்து கொடுக்கிறது, திருகாணியின் தலையும் முன்புறம் தெரிவதில்லை. அந்த நாற்காலியைக் காணும் வாய்ப்பு அமைந்தால் பின்பக்கம் சென்று அந்த வட்டுகளைப் பாருங்கள். ஆண்டுகள் பல ஆனால் ரப்பர் இறுகி ஒட்டு விட்டுப்போவதும் உண்டு. பலகை மறுத்ததற்கு விடை கண்ட அதே இடத்தில் இப்போது ரப்பர் மறுக்கிறது.