கேம்பிங் டிரெய்லர்: உள்ளே ஏறுமுன் குனிந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் கேம்பிங் டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள், பெரும்பாலும் கதவைத் திறந்து உள்ளே ஏறுவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். மெத்தை, மடக்கு மேசை, நீல விளக்கு எல்லாம் கண்ணைப் பறிக்கும். அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வண்டி உழைக்குமா, நாலு மழையில் உளுத்துப் போகுமா என்பதை அடிப்பக்கமும் கூரையும்தான் சொல்லும். தரையில் துணி விரித்துப் படுத்துப் பாருங்கள், ஏணி கேட்டு வாங்கி மேலே பாருங்கள். இதற்கெல்லாம் கூச்சப்படக் கூடாது.

அதற்கும் முன்னால் எடைக் கணக்கு ஒன்று இருக்கிறது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது வெற்று எடை. டிரெய்லரில் பதித்திருக்கும் தகட்டில், சுமையோடு சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு என்று இன்னொரு எண் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. வெற்று எடை 1,150 கிலோ, உச்ச எடை 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 250. நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் அதிலேயே 100 கிலோ போயிற்று. கேஸ் சிலிண்டர், பேட்டரி, வெளியே விரிக்கும் வெயில் மறைப்பு ஆகியவற்றுக்கு இன்னொரு 80 வையுங்கள். மீதமுள்ள 70 கிலோவுக்குள் நாலு பேருடைய படுக்கை, துணிமணி, பாத்திரம், நாற்காலி அத்தனையும் அடங்காது. சிலிண்டரும் பேட்டரியும் வெற்று எடையில் சேர்த்தியா இல்லையா என்று விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இது மாறும்.

காரின் இழுவை வரம்பு அதன் கையேட்டில் இருக்கும். அந்த வரம்பை முட்டிக்கொண்டு நிற்கும் டிரெய்லர் வேண்டாம். மேடும் எதிர்காற்றும் சேர்ந்து வரும்போது இன்ஜின் திணறும், இறக்கத்தில் பிரேக் திணறும். ஐந்தில் ஒரு பங்காவது இடைவெளி இருக்கட்டும்.

அடுத்தது, டிரெய்லரை மாட்டும் காரின் கொக்கி மேல் இறங்கும் பாரம். அமெரிக்க வகை டிரெய்லர்களில் இது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். ஐரோப்பிய இலகு வகைகளில் 5 முதல் 7 சதவீதம் என்பார்கள், ஏனென்றால் அங்கே கார்களின் கொக்கி தாங்கும் பாரம் குறைவு. பாரம் குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரங்களின் பிடி தளரும். கனமான சாமான்களை அச்சுக்கு நேர் மேலே, தாழ்வாக வையுங்கள். பின்புறம் சைக்கிள் தாங்கி மாட்டித் தரும் மாடல்களை வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். அந்தப் பாரம் கொக்கியைத் தூக்கிவிடும்.

கொக்கியில் இருக்கும் இரும்புப் பந்தின் அளவு, அதைக் கவ்விக்கொள்ளும் டிரெய்லர் முனையான கப்ளரோடு பொருந்த வேண்டும். இரண்டு அங்குலக் கப்ளரை ஒன்றே முக்கால் அரைக்கால் (1⅞) அங்குலப் பந்தின் மேல் வைத்தால் உட்கார்ந்தது மாதிரிதான் தெரியும். பள்ளத்தில் ஒரு குலுக்கு குலுங்கினால் கழன்றுவிடும்.

இப்போது அடிப்பக்கம். சட்டத்தின் வெல்டிங் இணைப்புகளில் துரு வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டை ஸ்பிரிங் வைத்த அச்சு முரட்டுத்தனமாகக் குலுக்கும், ஆனால் எந்தப் பட்டறையிலும் சரிசெய்யலாம். ரப்பர் வைத்த முறுக்கு அச்சு மென்மையாக ஓடும். உள்ளே ரப்பர் செத்தால் அச்சையே மாற்ற வேண்டியிருக்கும். கரடுமுரடான பாதைக்குப் போகிறவர்களுக்குப் பட்டை ஸ்பிரிங்கே மேல் என்பது என் எண்ணம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்ற இடத்திலேயே வெயிலில் வெடிப்பு விட்டுப் பாழாவதுதான் அதிகம். பட்டன் புதுசாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை.

தண்ணீர் புகுவதுதான் இந்த வண்டிகளுக்குப் பெரிய எமன். கூரையும் சுவரும் சேரும் மூலை, ஜன்னல் ஓரம், காற்றுப்போக்கியைச் சுற்றிய சீலன்ட், இந்த மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் புகும். உள்ளே ஜன்னலுக்குக் கீழ்மூலையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பலகை அமுங்கினால் உள்ளே உளுத்திருக்கிறது. வெளிச்சுவரைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால், உப்பிய இடங்கள் அலை அலையாகத் தெரியும். ஒட்டு விட்டுப்போன சுவர் அது. ஈரமானியில் மரம் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். பீரோவைத் திறந்ததும் புழுங்கல் வாடை வந்தால் அதுவும் சாட்சிதான். மேல் கீழ் என இரண்டே ஓடுகளாக வார்த்த ஃபைபர் கிளாஸ் வண்டியில் இணைப்பு குறைவு, ஒழுக்கும் குறைவு, விலை கூடுதல். பக்கவாட்டில் விரியும் அறை முதல் டிரெய்லருக்கு வேண்டவே வேண்டாம். எடை, மோட்டார், ரப்பர் விளிம்பு என மூன்று தலைவலி.

வசதிகளில் மின்சாரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பாதிதான் பயன்படுத்தலாம். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒன்றே வெயில் நாளில் 30 முதல் 50 ஆம்பியர்-மணி வரை குடித்துவிடும். லித்தியம் பேட்டரி கிட்டத்தட்ட முழுதும் தரும், ஆனால் உறைநிலைக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது. கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் வண்டி சமமாக நிற்க வேண்டும். சிலிண்டரில் இருக்கும் புரொபேன் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் கசிவு உணரி தரையருகே இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்குத் தனி உணரி வேண்டும்.

பணம் கொடுக்குமுன் தொட்டியில் தண்ணீர் நிரப்பி பம்பைப் போடச் சொல்லுங்கள். குழாய்களை மூடியதும் பம்பு நிற்க வேண்டும். எல்லாம் மூடியிருக்கும்போது சில நிமிடத்துக்கொரு முறை தானாக உறுமினால், எங்கோ கசிகிறது. அப்போதே கண்டுபிடித்துச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில், முதல் நூறு கிலோமீட்டருக்குள் இரண்டு மூன்று தடவை நிறுத்திச் சக்கர நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் முறுக்கு ஸ்பானரால் சரிபாருங்கள். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் அருகே கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால், பேரிங்கில் கிரீஸ் இல்லை அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

நன்றி, வணக்கம்.