பந்து எடுக்கிற பெண்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் கிரிக்கெட் பற்றிப் பேச ஆளுக்குக் குறைவில்லை. கல்லூரிப் பெண்கள் ஆடுகிற வாலிபால் பற்றிப் பேச எனக்கு இடம் கொடுத்த நிலையத்தாருக்கு முதலில் நன்றி. பல வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று மனதில் வைத்திருந்த விஷயம் இது.

பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு தடவையாவது நீங்களும் வாலிபால் ஆடியிருப்பீர்கள். அதனால் விதிகளை முழுக்கச் சொல்லப் போவதில்லை. ஆட்டக்காரர்கள் சுற்றிச் சுற்றி இடம் மாறுவார்கள் இல்லையா, அதைப் படம் போட்டுத்தான் காட்ட முடியும், அதையும் விட்டுவிடுவோம். ஒன்றிரண்டு மட்டும் நினைவில் இருக்கட்டும். மூன்று தொடலுக்குள் பந்து எதிர்ப்பக்கம் போயாக வேண்டும், கையில் பிடித்து நிறுத்தக் கூடாது. முதல் நான்கு செட்டும் 25 புள்ளி. ஆளுக்கு இரண்டு செட் என்று ஆகிவிட்டால் ஐந்தாவது செட், அது 15 புள்ளிதான். எந்த செட்டானாலும் இரண்டு புள்ளி முன்னால் இருந்தால்தான் ஜெயிக்க முடியும்.

முன்பெல்லாம் சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் புள்ளி. எதிராளி தப்புப் பண்ணாமல் பந்தைத் திருப்பி அடித்து ஜெயித்தாலும் அவருக்கு சர்வீஸ் மட்டும்தான் கிடைக்கும். 1998-ல் சர்வதேச சம்மேளனம் எல்லா செட்டிலும் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்று மாற்றியது. அன்றிலிருந்து தவறு எதுவும் சும்மா போவதில்லை. ஐந்தாவது செட்டில் 12, 13 என்று வந்துவிட்டால், கேலரியில் இருக்கிற நமக்கே உள்ளங்கை வேர்த்துவிடும்.

பெண்கள் ஆட்டத்தில் வேகம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். வலை ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். ஆண்கள் ஆட்டத்தில் ஓர் அடியில் பந்து தரைக்குப் போய்விடும், கைதட்டி முடித்துவிடுவோம். பெண்கள் ஆட்டத்தில் பந்து திரும்பித் திரும்பி வரும். அடித்தது மேலே எழும்பும், மறுபடி அடிப்பார்கள், மறுபடி எழும்பும். எனக்கு அதுதான் ஆட்டம்.

இப்போது என் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாமெல்லாம் யாரைப் பார்க்கிறோம்? வலைக்கு மேலே எகிறி ஸ்மாஷ் அடிக்கிற பெண்ணைத்தான். அவள் மூன்றாவது ஆள். இரண்டாவது ஆள், பந்தை விரல் நுனியில் ஏற்றிக் கொடுக்கிற செட்டர். முதலில் தொடுகிறவளை யாரும் பார்ப்பதில்லை. எதிராளி போட்ட சர்வீஸை இரண்டு முன்கையையும் சேர்த்து வைத்து எடுக்கிறாளே, அந்த முதல் பாஸ், அதில்தான் பாதி ஆட்டம் முடிவாகிறது. முதல் பாஸ் செட்டர் தலைக்கு மேலே வந்து இறங்கினால், இடம், வலம், நடு என்று எங்கு வேண்டுமானாலும் அவள் கொடுக்கலாம். அது ஒரு கஜம் தள்ளிப் போனாலும் ஓடிப் போய் எப்படியோ ஏற்றிவிட வேண்டியதுதான். வலையருகே எகிறிக் கையால் பந்தை மறிக்கிற எதிர்ப்பக்கத்து பிளாக்கர்களுக்குப் பந்து எங்கே வரும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். கை நன்றாக அமைந்தால் 'தொப்' என்று மெத்தென்ற சத்தம். மணிக்கட்டிலோ விரலிலோ பட்டால் 'பட்' என்று அறைந்த மாதிரி கேட்கும். கேலரியில் கண்ணை மூடி உட்கார்ந்தாலும் அந்தப் பந்து நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடலாம்.

இதற்கென்றே லிபரோ என்று ஓர் ஆட்டக்காரி இருப்பாள். வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் நிற்பாளே, அவள்தான். சர்வதேச ஆட்டத்தில் இதுவும் 1998-ல்தான் வந்தது. வலைக்கு மேலே இருக்கிற பந்தை அவள் அடிக்கக் கூடாது, பிளாக்குக்குப் போகக் கூடாது. பந்து எடுப்பதுதான் அவள் வேலை.

எங்கள் மர்பி டவுன் தெருவில் அப்படி ஒரு பெண் உண்டு. இங்கே ஒரு கல்லூரி உள்ளரங்கில் நடந்த கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு அவள் அம்மாவோடு போயிருந்தேன். ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குப் போய்விட்டது. எங்கள் பெண்கள் 13, எதிரணி 14. இன்னும் ஒரு பந்து போனால் தோல்வி. சர்வீஸும் எதிரணிக்கு.

அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "அக்கா, என்னால பார்க்க முடியாது, நீங்களே சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் அவர் காதோடு சொல்லிக்கொண்டே வந்தேன்.

நடுவர் விசில் ஊதினால் 8 விநாடிக்குள் சர்வீஸ் போட வேண்டும். அந்த எதிரணிப் பெண் அவசரப்படவே இல்லை. பந்தைத் தரையில் இரண்டு தட்டு தட்டினாள், நின்றாள், அப்புறம்தான் போட்டாள். பந்து வலையின் மேல்பட்டையில் உரசி, வேகமெல்லாம் போய், எங்கள் பக்கம் வலையை ஒட்டி அப்படியே விழுந்தது. முன்காலத்தில் வலையில் பட்ட சர்வீஸ் தவறு. இப்போது அது செல்லும்.

எங்கள் பெண் பின்னால் நின்றிருந்தவள். எப்போது கிளம்பினாள் என்றே எனக்குத் தெரியவில்லை. நெஞ்சு தரையில் தேய்ந்து வர, ஒரு கையை மட்டும் நீட்டி, உள்ளங்கையைத் தரையோடு தரையாகப் பரப்பி வைத்தாள். பந்து தரையில் விழவில்லை, அவள் புறங்கையில் விழுந்து ஒரு முழம் எழும்பியது. ஒரு முழம்தான்! செட்டர் முழங்கால் போட்டு அதை விரலால் ஏற்றிவிட்டாள். இடது ஓரத்துப் பெண் அடித்தாள், பிளாக்கில் பட்டு எங்கள் பக்கமே திரும்பி வந்தது. அதற்குள் எழுந்துவிட்ட லிபரோ அதையும் எடுத்தாள், 'தொப்' என்று! மறுபடி ஏற்றினார்கள். இந்தத் தடவை அடிக்கிற மாதிரி எகிறிவிட்டு, பிளாக்குக்குப் பின்னால் மெல்லத் தட்டிப் போட்டாள். 14-க்கு 14. "ஹொடி, ஹொடி", அதாவது அடி, அடி என்று கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்த பையன்கள் எழுந்து நின்றார்கள். அந்த அம்மா முந்தானையை எடுக்காமலே "யாருக்கு புள்ளி, யாருக்கு?" என்று என் கையை உலுக்கினார்.

அடுத்த புள்ளியும் எங்களுக்கு. பிறகு சமம், பிறகு எதிரணி ஒன்று முன்னால். 15-க்கு 16-ல் வேகமாக வந்த சர்வீஸ் எங்கள் பெண் கையில் 'பட்' என்று பட்டு, வலையைத் தாண்டி எதிரணி வீராங்கனை கைக்கே போய்விட்டது. அவள் விடவில்லை, ஒரே அடி. 17-க்கு 15, தோற்றுவிட்டோம்.

இறங்கி வரும்போது எனக்குப் பின்னால் ஒருவர், "அந்த லிபரோ விட்டுட்டா" என்றார். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. புள்ளித்தாளில் அவள் புறங்கையால் எடுத்த அந்தப் பந்துக்கு இடமே கிடையாது. புள்ளி எண்ணை அடித்துக் குறிப்பார்கள், அவ்வளவுதான். பார்த்தவர்கள்தான் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் மறுபடி மறுபடி சொல்கிறேன், முதல் தொடலைப் பாருங்கள்.

1964-ல் டோக்கியோவில் வாலிபால் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பெண்கள் பிரிவில் ஜப்பான் சோவியத் அணியை 3-க்கு 0 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கியது. அந்த அணியில் பெரும்பாலானவர்கள் கைசுகா என்ற ஊரில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்த பெண்கள். எதிராளிகள் உயரமானவர்கள், நன்றாக அடிப்பவர்கள். இவர்கள் விழுந்து பந்தை எடுத்து, அப்படியே உருண்டு, அடுத்த பந்துக்கு எழுந்து நிற்கப் பழகியிருந்தார்கள். பயிற்சியாளர் தைமாட்சு அவர்களை நள்ளிரவு தாண்டியும் பயிற்சி செய்ய வைத்தார் என்பது எனக்கு ஏற்புடையது அல்ல. ஆனால் பந்து எடுப்பதை வைத்தே தங்கம் வாங்க முடியும் என்று அந்தப் பெண்கள் காட்டிவிட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. கல்லூரி முடித்த பிறகு இந்தப் பெண்கள் எங்கே போகிறார்கள் என்று விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். ரயில்வே, போலீஸ் என்று சிலருக்கு வேலை கிடைக்கிறது, பலர் ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். ஆண்களுக்கு 2022-லிருந்து ப்ரைம் வாலிபால் லீக் நடக்கிறது, அதில் பெங்களூருக்கும் ஓர் அணி உண்டு. பெண்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். பார்க்க ஆள் வராது என்பார்கள். 2023 ஆகஸ்ட் 30-ம் தேதி அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஒரு மைதானத்தில் 92,003 பேர் கூடினார்கள். அதுவும் கல்லூரி வாலிபால்தான்.

நம் ஊர் ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது. உங்கள் பக்கத்துக் கல்லூரியில் எப்போது போட்டி என்று விசாரியுங்கள், வீட்டுப் பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கோர்ட்டுக்குப் பின்பக்கம், சர்வீஸ் எடுக்கிறவர்களுக்கு நேர் பின்னால் உட்காருங்கள், அங்கிருந்துதான் பந்து வருகிற விதம் தெரியும். நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.