முள் ஆடினால் மீட்டரை மாற்றாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். தொழிற்பயிற்சி நிலையத்தில் இருசக்கர வாகனப் பழுதுபார்ப்பு கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர், தாம் வாங்கிய பழைய பைக்கோடு வீட்டுக்கு வந்தார். வேகம் காட்டும் முள் நாற்பதுக்கும் எழுபதுக்கும் இடையே ஊசலாடுகிறதாம். இரண்டு முறை மீட்டரையே மாற்றிவிட்டார். "இன்னும் ஆடுகிறது ஐயா" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் நடத்திய பாடம் எங்கே போயிற்று?

முள் உள்ள பழைய மீட்டருக்குள் நடப்பது இதுதான். முன்சக்கரத்தில் இருக்கும் மீட்டர் பினியன் என்ற சிறு பல்சக்கரம், கேபிளுக்குள் உள்ள கம்பியைச் சுழற்றுகிறது. அந்தக் கம்பி மேலே ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல், அதையொட்டி ஓர் அலுமினியக் கிண்ணம். சுழலும் காந்தம் கிண்ணத்தில் மின்னோட்டத்தைத் தூண்டித் தன்னோடு இழுக்கப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். இந்த இழுபறியில் கிண்ணம் எவ்வளவு திரும்புகிறதோ, அதையே முள் வேகமாகக் காட்டுகிறது. 1902இல் ஜெர்மனியின் ஓட்டோ ஷூல்ட்சே காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. ஆனால் பக்கத்திலேயே உருளும் கிலோமீட்டர் எண்ணுக்குக் காந்தத்தோடு வேலை கிடையாது. அதே கம்பி பல்சக்கரங்கள் வழியாக அதை நேரடியாக ஓட்டுகிறது.

அதனால் முள்ளின் மேல் சந்தேகம் வந்தால் எண்ணைப் பாருங்கள். எண் ஓடி, முள் மட்டும் படுத்துக் கிடந்தால் கோளாறு மீட்டருக்குள். இரண்டும் நின்றிருந்தால் மீட்டரைத் தொடாதீர்கள், கீழே தேடுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, கேபிளின் மேல்முனையை மீட்டரிலிருந்து கழற்றி, முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. எஞ்சின் சுற்றுவது பின்சக்கரத்தை! கம்பியின் சதுர முனை சுழலவில்லை என்றால் உருவிப் பாருங்கள். பாதியோடு வந்தால் கம்பி அறுந்திருக்கிறது. முழுதாக வந்தால் பினியனில் பல் தேய்ந்திருக்கும். அண்மையில் பிரேக் ஷூ மாற்றினீர்களா என்றும் யோசியுங்கள். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது, பினியனைச் சுற்றும் வளையத்தின் காதுகள் சக்கரத்தின் பள்ளத்தில் உட்காராமல் போயிருந்தால், அச்சு மரையை இறுக்கியதுமே அவை நசுங்கிவிடும். பைக்கைக் குறைசொல்ல இதில் ஒன்றும் இல்லை, மாட்டியவரின் அவசரம்.

இனி ஆடும் முள். எண் ஒழுங்காக ஓடுகிறது, முள் மட்டும் ஆடுகிறது என்றால் பெரும்பாலும் கேபிள்தான். கிரீஸ் வற்றினாலோ கேபிள் எங்காவது மடங்கினாலோ, உள்கம்பி சீராகச் சுழலாமல் முறுக்கேறி நிற்கும், பிறகு சட்டென்று விடுபடும். அந்தத் துள்ளலைத்தான் முள் காட்டுகிறது. கம்பியை உருவி மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவிப் போடுங்கள். மேல்முனையில் இரண்டு அங்குலத்துக்குத் தடவவே கூடாது. தாராள மனத்தோடு கிரீஸை அப்பினால் அது மீட்டருக்குள் ஏறி, காந்தத்தையும் கிண்ணத்தையும் ஒட்டவைத்துவிடும். அப்புறம் நீங்கள் முப்பதில் போனாலும் முள் நூறைத் தாண்டும்.

ஆடாத முள்ளும் தப்பாகக் காட்டலாம். கிலோமீட்டர் கல் நட்ட, கூட்டமில்லாத சாலையில் முள்ளை அறுபதில் நிறுத்தி ஓட்டுங்கள். பின்னால் உட்கார்ந்தவர் கடிகாரம் பார்க்கட்டும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 60 விநாடி ஆக வேண்டும். 66 விநாடி ஆனால் உண்மை வேகம் சுமார் 54.5 கிலோமீட்டர். இவ்வளவு கூட்டிக் காட்டுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். குறைத்துக் காட்டினால்தான் ஆபத்து. அதே சாலையில் பத்துக் கல் தூரத்துக்கு எண் எவ்வளவு ஏறுகிறது என்றும் பாருங்கள். எண் சரி, முள் தவறு என்றால் சுருள்வில் தளர்ந்திருக்கலாம். இரண்டும் ஒரே அளவில் தவறினால் முன்டயரின் அளவு மாறியிருக்கும், அல்லது யாரோ வேறு மாடல் பினியனைப் போட்டிருப்பார்கள்.

பழைய பைக் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மீட்டர் ஓடவில்லை என்றால், அதில் நிற்கும் கிலோமீட்டரை நம்பி விலை பேசாதீர்கள். கால்வைக்கும் ரப்பரும் பிரேக் மிதியும் தேய்ந்து வழவழப்பாக இருந்து, மீட்டர் மட்டும் பன்னிரண்டாயிரம் என்று சொன்னால், நான் ரப்பரைத்தான் நம்புவேன்.

மாணவர் விஷயத்துக்கு வருகிறேன். ஹெட்லைட்டைக் கழற்றிப் பார்த்தோம். முன்பு வைத்திருந்தவர் புதிதாக ஹாரன் ஒயர் இழுத்தபோது, மீட்டர் கேபிளையும் சேர்த்து வளைத்து இறுக்கக் கட்டியிருந்தார். கட்டை அறுத்து, கேபிளை நீவிவிட்டு, கம்பிக்கு கிரீஸ் போட்டோம். அரை மணி நேர வேலை. அவர் வீணாக வாங்கிய இரண்டு மீட்டர்களில் ஒன்று வண்டியிலேயே இருக்கிறது. இன்னொன்றை எனக்குக் கொடுத்துவிட்டார். பிரித்து வைத்திருக்கிறேன், வருகிற பிள்ளைகளுக்குக் காந்தத்தையும் கிண்ணத்தையும் காட்ட.