மண்ணீரலில் முளைத்த முண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். ஆட்டு நல்லியைத் தட்டி உறிஞ்சியிருப்பீர்கள். அதற்குள் இருக்கும் மஜ்ஜையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. நம் இடுப்பெலும்பிலும் மார்பெலும்பிலும் முதுகெலும்பிலும் அது சிவப்பாக இருக்கிறது. இரத்தம் பிறப்பது அங்கேதான்.

அளவு மீறிக் கதிர்வீச்சு பட்டால், ஓயாமல் பெருகும் இந்த மஜ்ஜைதான் முதலில் அடிவாங்கும். ஆனாலும் பட்டவர் அன்றே சாய்ந்துவிட மாட்டார். குமட்டும், வாந்தி வரும், பிறகு தேறிவிட்டார் போலத் தெரியும். ஏற்கெனவே உடம்பில் ஓடும் இரத்தம்தான் அவரைத் தாங்குகிறது. சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவுக்குப் பத்து நாள், கிருமியோடு மோதும் வெள்ளையணுவுக்கு இன்னும் குறைவு. பழையது தீர்ந்து புதியது வராத அந்த இடைவெளியில்தான் காய்ச்சலும் ஈறில் இரத்தக்கசிவும் தொடங்கும்.

கனடாவின் டொராண்டோவில் ஜேம்ஸ் டில் என்ற இயற்பியலாளரும் எர்னஸ்ட் மக்கல்லோ என்ற மருத்துவரும், மஜ்ஜை அணுக்கள், அதாவது செல்கள், எவ்வளவு கதிர்வீச்சைத் தாங்கும் என்று அளந்துகொண்டிருந்தார்கள். சுண்டெலிகளுக்குச் சாகும் அளவு கதிர்வீச்சு கொடுத்து, வேறு எலியின் மஜ்ஜையை ஊசியில் ஏற்றினார்கள். பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மக்கல்லோ ஆய்வகத்துக்கு வந்து எலிகளை அறுத்துப் பார்த்தார். மண்ணீரலில் சின்னச் சின்ன முண்டுகள்! எண்ணினார். மஜ்ஜை அணுக்களைக் கூடுதலாக ஏற்றிய எலியில் முண்டுகளும் அந்தக் கணக்கிலேயே கூடியிருந்தன. ஏறக்குறைய பத்தாயிரம் அணுவுக்கு ஒரு முண்டு. 1961-இல் இதை வெளியிட்டார்கள். ஒவ்வொரு முண்டும் ஒற்றை அணுவிலிருந்து முளைத்தது என்பதை 1963-இல் உறுதிசெய்தார்கள். எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் இடம் அது. ஒரே அணு, அதிலிருந்து பலவகை இரத்த அணுக்கள்! ஸ்டெம் செல் என்கிறோமே, அதை மனிதன் முதன்முதலில் எண்ணிப் பார்த்தது அப்படித்தான்.

மஜ்ஜையில் ஓரிடம் தப்பினாலும் அங்கிருந்து இரத்தம் மறுபடி ஊறலாம். அப்படி ஓரிடமும் தப்பாதவர்களுக்குக் கொடையாளியின் மஜ்ஜையைச் சாதாரண இரத்தம் போல டிரிப்ஸில் ஏற்றுகிறோம். எலும்புக்குள் போகும் வழியை அந்த அணுக்களே கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

புற்றுநோய்க்காக உடல் முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்து மஜ்ஜை மாற்றிய ஒரு பையனின் அம்மா தினமும், "கவுண்ட் ஏறிச்சா டாக்டர்?" என்று கேட்பார். தேதிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் வெள்ளையணுக் கணக்கைக் குறித்துவைப்பார். முதல் வாரத்துத் தாள்களில் எல்லாம் பூஜ்யம். பதினான்காம் நாள் 80. பதினேழாம் நாள் தாளை மடித்துத் தாலிக்கயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அதில் 520.