ரஹ்மானினோஃப்: கடைசி எழுத்து 'வி'யா, 'எஃப்'பா?

வணக்கம் மக்களே. இன்று வாசிப்பு கிடையாது, ஒரே ஒரு குடும்பப்பெயரைப் பற்றித்தான் பேச்சு.

இந்த இரண்டு இசைத்தட்டு உறைகளையும் கேமரா பக்கத்தில் வைக்கிறேன், பாருங்கள். இரண்டிலும் இருப்பது அதே பியானோ கான்செர்ட்டோ, அதாவது பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. ஆனால் ஒன்றில் பெயர் 'வி'யில் முடிகிறது, இன்னொன்றில் இரண்டு 'எஃப்' போட்டிருக்கிறார்கள். ஆள் ஒருவர்தான்: ரஷ்ய இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான செர்கேய் ரஹ்மானினோஃப். இதில் எது சரி?

ரஷ்ய எழுத்தில் அந்தப் பெயரின் கடைசி எழுத்து 'வ்'. ஆனால் சொல்லின் முடிவில் வரும் 'வ்'வை ரஷ்யர்கள் 'ஃப்' என்றுதான் சொல்வார்கள். எழுத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதினால் 'வி' வரும், காதில் விழுவதை எழுதினால் 'எஃப்' வரும். இரண்டு 'எஃப்' போடுவது பிரெஞ்சு வழியில் வந்த பழக்கம். அந்தக் காலத்து ரஷ்ய மேட்டுக்குடிக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. ஸ்மிர்னாஃப் வோட்காவும் பீஃப் ஸ்ட்ராகனாஃபும் இப்படி வந்தவைதான். பெயரின் நடுவே உள்ள 'சி எச்' மட்டும் ஜெர்மன் பாணி. அதைப் பார்த்துவிட்டு 'ராச்மனினோஃப்' என்று வாசிக்காதீர்கள், அங்கே 'ச்' இல்லவே இல்லை. தொண்டையிலிருந்து வரும் 'ஹ்' அது. ஆங்கிலேயர் அதை 'க்' ஆக்கிவிட்டார்கள். அழுத்தம் 'மா'வில் விழ வேண்டும்.

சரி, அவர் என்ன எழுதினார்? 1917 டிசம்பரில் குடும்பத்தோடு ரஷ்யாவை விட்டுக் கிளம்பியவர், 1918 நவம்பரில் நியூயார்க் வந்து சேர்ந்தார். அங்கே கையெழுத்து, கச்சேரி அறிவிப்பு, இசைத்தட்டு எல்லாவற்றிலும் இரண்டு 'எஃப்'தான். நியூயார்க் மாநிலத்தில் வல்ஹாலா என்ற ஊரில் இருக்கும் கல்லறையிலும் அதேதான். ரஷ்ய வழக்கப்படி மனைவி நடாலியா 'ரஹ்மானினோவா'. அமெரிக்காவில் அந்த 'ஆ' போய், அவரும் வெறும் ரஹ்மானினோஃப் ஆனார். சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரையில் கட்டிய வீட்டுக்கு 'செனார்' என்று பெயர் வைத்தார்கள். செர்கேயில் 'செ', நடாலியாவில் 'நா', குடும்பப்பெயருக்கு ஒரே ஒரு 'ர்'. சண்டைக்கு இடமில்லாத எழுத்தாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள்!

பிரிட்டனில் நெடுங்காலமாக 'வி'தான் அதிகம். அது பிழை இல்லை. ஆனால் ஒரு மனிதர் இருபத்தைந்து வருடம் ரோமன் எழுத்தில் தன் பெயரைத் தானே எழுதியிருக்கும்போது, அதைத் திருத்த நாம் யார்? நான் 'எஃப்' கட்சி.

உடனே கேட்பீர்கள், அப்படியானால் இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ்? நியாயமான கேள்வி. அவரும் வெளிநாட்டில் இருந்தபோது இரண்டு 'எஃப்' போட்டவர்தான். 1936இல் சோவியத் நாட்டுக்கே குடிபெயர்ந்துவிட்டார். இன்று ஆங்கிலத்தில் அவர் பெயர் 'வி'யில்தான் முடிகிறது. என் விதிப்படி அவருக்கும் 'எஃப்' போட வேண்டும்தான். அங்கே மட்டும் ஊரோடு ஒத்துப் போகிறேன், என்ன செய்வது.

அப்புறம், ஆங்கிலம் பேசும் பியானோ மாணவர்கள் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை. 'ராக் 2', 'ராக் 3', அவ்வளவுதான். நம் காதுக்கு ராக் இசை மாதிரிக் கேட்கும். அது இரண்டாம், மூன்றாம் பியானோ கான்செர்ட்டோ. மூன்றாவதை அவரே 1909 நவம்பர் 28 அன்று நியூயார்க்கில் முதன்முதலாக வாசித்தார். ஒலி வராத கீபோர்டு ஒன்றைக் கப்பலில் வைத்துப் பயிற்சி செய்துகொண்டே போனாராம். சில வாரங்களில் அதே ஊரில் மறுபடி வாசித்தார், அன்று இசைக்குழுவை நடத்தியவர் குஸ்டாவ் மாலர். பிறகு 1996இல், இந்த மூன்றாவதை வாசிக்கும் ஒரு பியானோ கலைஞரைப் பற்றிய 'ஷைன்' படம் வந்தது, பியானோவைத் தொடாதவர்கள்கூட 'ராக் 3' என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

அவரே வாசித்த பதிவுகள் இருக்கின்றன. இரண்டாவது, 1929இல் இசைக்குழு நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கியோடு. மூன்றாவது, 1939-40இல் நடத்துநர் ஆர்மண்டியோடு. இரண்டிலும் ஃபிலடெல்ஃபியா இசைக்குழு. தேடும்போது இரண்டு 'எஃப்' போட்டுத் தேடுங்கள். மூன்றாவதை முதலில் கேளுங்கள், அந்த வேகத்தைப் பற்றி அடுத்த வீடியோவில் பேசலாம்.