இரவு 9.30-க்குத் தொடங்கும் தஹஜ்ஜுத்

நடுவர் ஹஜ்ரத் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையில் உட்கார்ந்து இப்போதே கொட்டாவி விடும் பெரியவர்களே, திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாய்மார்களே, அஸ்ஸலாமு அலைக்கும்.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். "தஹஜ்ஜுத் தொழ நம்மை எழவிடாமல் தடுப்பது பகலின் உழைப்பா, முன்னிரவின் விழிப்பா?" தஹஜ்ஜுத் என்றால், இரவில் தூங்கி எழுந்து விடியலுக்கு முன் தொழுகிற தொழுகை. உழைப்புதான் என்று எதிரணித் தலைவர் பேசி, நல்ல கைதட்டலும் வாங்கிவிட்டார். முன்னிரவின் விழிப்பு என்று சொல்ல நான் வந்திருக்கிறேன். நானும் உழைக்கிறவன்தான். இந்தப் பேரணாம்பட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து ஆம்பூர் போய், ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் 16 வருடமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறேன். கெண்டைக்கால் வலியைப் பற்றித் தலைவர் உருக்கமாகப் பேசினார். உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், பாவம், யாரோ சொல்லிக் கேட்டிருப்பார்.

அவர் காட்டிய ஆதாரம் குர்ஆனில் முஸ்ஸம்மில் சூராவின் (அத்தியாயத்தின்) கடைசி வசனம். உங்களில் நோயாளிகள் இருப்பார்கள், அல்லாஹ்வின் அருளைத் தேடிப் பூமியில் பயணம் போகிறவர்கள் இருப்பார்கள், அவன் பாதையில் போரிடுகிறவர்கள் இருப்பார்கள், அது அவனுக்குத் தெரியும், ஆகவே குர்ஆனில் முடிந்த அளவு ஓதுங்கள் என்று வரும் வசனம். சரியான ஆதாரம்தான். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். பாதி இரவு, அதைவிடக் கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய என்று நின்று தொழச் சொல்லித் தொடங்குகிற அதே சூரா, கடைசியில் உழைக்கிறவனைப் பார்த்துப் பாரத்தை இறக்கி வைக்கிறது. இப்போது அது நஃபில், அதாவது கட்டாயமில்லாத உபரி வணக்கம். இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று) போதும், சின்ன சூரா போதும். பாரம் இறங்கிப் பல நூற்றாண்டு ஆன பிறகும் நாம் எழவில்லை என்றால், பாரத்தின் மேல் எப்படிப் பழி போடுவது?

களைப்பைப் பற்றி மார்க்கம் பேசாமல் விடவில்லை. புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் வருகிறது: நபிகள் நாயகம் (ஸல்) பள்ளிக்குள் வருகிறார்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டியிருக்கிறது. என்ன இது என்று கேட்கிறார்கள். நபிகளாரின் மனைவி ஜைனப் (ரலி) கட்டியது, நின்று தொழுது களைத்தால் அதைப் பிடித்துக்கொள்வார் என்று சொல்கிறார்கள். உடனே நபிகளார், அவிழ்த்துவிடுங்கள், தெம்பு இருக்கும்வரை தொழுங்கள், களைத்தால் உட்காருங்கள் என்றார்கள். தொழும்போதே கண் சொக்கினால் போய்ப் படுங்கள் என்ற ஹதீஸும் இருக்கிறது. எழ வேண்டும் என்ற நிய்யத்தோடு (மனதின் எண்ணத்தோடு) படுத்து, தூக்கம் மிகைத்துவிட்டால் தொழுத கூலி எழுதப்படும், அந்தத் தூக்கம் இறைவன் கொடுத்த தர்மம் என்று நஸாயி தொகுப்பில் வருகிறது. களைத்தவனுக்கு இத்தனை வாசல் திறந்திருக்கிறது. அந்த நிய்யத்தாவது நமக்கு இருக்கிறதா? நாம் எந்த நிய்யத்தில் படுக்கிறோம்? இன்னும் ஒரே ஒரு ரீல்ஸ் என்ற நிய்யத்தில்!

என் நன்னியைப் (பாட்டியைப்) பற்றிச் சொல்ல வேண்டும். பீடி சுற்றியவர். ஒரு நாளைக்கு 1000 பீடி. இலையை நனைத்து, கத்திரியால் வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, நகத்தால் முனையை மடக்குகிற வேலை. மடியில் முறத்தை வைத்துக் காலையிலிருந்து குனிந்த கழுத்து. இதைவிடப் பெரிய உழைப்பை எதிரணி காட்டட்டும். இஷா என்கிற இரவுத் தொழுகை முடிந்ததும் முறத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார். ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் பிடித்து, மேலே எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, தலைமாட்டில் வைப்பார். மணி 9 இருக்கும். "விளக்கை நிறுத்துடா" என்பார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அப்புறம் நான் கேட்பது அந்தத் தட்டை எடுத்து வைக்கிற சத்தம்தான். நாலு மணிக்கு முன்னால் ஒரு மெல்லிய 'டங்'. ஒளு செய்கிற (தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவுகிற) தண்ணீர் முற்றத்தில் ஓடும். அவரிடம் அலாரம் இல்லை. கடிகாரம்கூடச் சமையலறையில்தான் மாட்டியிருந்தது. 1989-இல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்தார்கள், 2019-இல் வேலூரை மூன்றாக்கினார்கள். நன்னிக்குக் கடைசி வரை இது வட ஆற்காடுதான். அதேபோல இஷாவுக்குப் பின் தூக்கம் என்ற கணக்கையும் அவர் மாற்றவே இல்லை.

ஹஜ்ரத், ஒரு கணக்குப் போட அனுமதி கொடுங்கள். நான் கட்டிங் செக்‌ஷன், அளவெடுக்காமல் எதையும் வெட்ட மாட்டேன். சூரியன் மறைந்ததும் தொழுகிற மஃரிப் மாலை 6 மணி, விடியற்காலையில் தொழுகிற சுபுஹு காலை 5 மணி என்று வைத்துக்கொள்வோம். 11 மணி நேர இரவு. மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு 3 மணி 40 நிமிடம். கடைசிப் பங்கு 1.20-க்குத் தொடங்குகிறது. 'என்னை அழைப்பவர் யார், பதில் தருகிறேன், கேட்பவர் யார், கொடுக்கிறேன், மன்னிப்புத் தேடுபவர் யார், மன்னிக்கிறேன்' என்று அல்லாஹ் கேட்கிற நேரம் அது. புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. சரி, 1.20-க்கு நம் தெருவில் என்ன நடக்கிறது? பையன்கள் போனை சார்ஜில் போட்டுவிட்டு அப்போதுதான் போர்வையை இழுக்கிறார்கள். அழைப்பு தொடங்குகிற நிமிடம் பார்த்து நாம் தூங்கப் போகிறோம். பாவம், போன் முழுச் சார்ஜ் ஆகிவிடும்.

தாவூத் நபியின் தொழுகைதான் அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்றார்கள் நபிகளார். அவர் இரவில் பாதி தூங்குவார், மூன்றில் ஒரு பங்கு தொழுவார், ஆறில் ஒரு பங்கு மறுபடி தூங்குவார். நம் 11 மணி நேர இரவில் இதை வெட்டிப் பாருங்கள். தூக்கம் ஐந்தரை மணி, தொழுகை 3 மணி 40 நிமிடம், மறுபடி தூக்கம் 1 மணி 50 நிமிடம். மொத்தத் தூக்கம் 7 மணி 20 நிமிடம்! மஃரிபிலிருந்து இஷா முடியும்வரை போகிற நேரத்தைக் கழித்துக்கொண்டாலும், 6 மணி நேரத் தூக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறோம். இரவில் பாதி தூங்கச் சொல்கிற வணக்கத்தைப் பார்த்து, உடம்பு தாங்காது என்று எதிரணி பயப்படுகிறது.

நபித்தோழர் ஸல்மான் (ரலி), இன்னொரு தோழர் அபூதர்தா (ரலி) வீட்டுக்கு விருந்தாளியாகப் போன சம்பவம் தெரிந்திருக்கும். முன்னிரவிலேயே அபூதர்தா தொழ எழுந்தார். தூங்குங்கள் என்றார் ஸல்மான். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தார். மறுபடியும், தூங்குங்கள். இரவின் கடைசியில், இப்போது எழுந்திருங்கள் என்று எழுப்பி, இருவரும் தொழுதார்கள். உம் இறைவனுக்கு உம்மிடம் உரிமை உண்டு, உடலுக்கு உண்டு, குடும்பத்துக்கு உண்டு என்றார். ஸல்மான் உண்மை சொன்னார் என்று நபிகளார் ஒப்புக்கொண்டார்கள். முன்னிரவில் தொழ எழுந்தவரையே படுக்க வைத்தார் ஸல்மான். நாம் எழுந்து உட்கார்ந்திருப்பது தொழவா?

எதிரணிச் சகோதரி ஒருவர் பேசியது மனசைத் தைத்தது. ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்ணைப் பற்றிச் சொன்னார். ஐந்து மணிக்கு எழுந்து, சோறு வடித்து, டப்பா கட்டி, பிள்ளைகளைக் கிளப்பி, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவள், அவளையா தஹஜ்ஜுதுக்கு எழச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா, உங்கள் கேள்வி நியாயம். நானும் அந்த பஸ்ஸில் வருகிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன். ஜன்னலில் தலை சாய்ந்து, வாய் திறந்து தூங்குவார்கள். ஆனால் அவள் இரவு எத்தனை மணிக்குப் படுத்தாள் என்று நீங்கள் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் வீட்டம்மாவும் கம்பெனிக்குப் போகிறவள்தான். ஒன்பது மணிக்கே அவளுக்குக் கண் சொக்கும். ஆனால் நான் டீக்கடைப் பேச்சை முடித்துக்கொண்டு 11 மணிக்கு வருவேன். எழுந்து குழம்பைச் சுட வைப்பாள். பெரியவன் 11.30-க்கு வருவான், அவனுக்கு முட்டை. கடைசித் தட்டைக் கழுவும்போது 12 மணி. அவளுடைய தூக்கத்தை எடுத்தது கம்பெனியா? கம்பெனிதான் ஆறு மணிக்கு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டதே! எடுத்தவன் இங்கே மைக் பிடித்து நிற்கிறான். தொழ எழுந்து மனைவியையும் எழுப்புகிற கணவனுக்கு, அவள் எழாவிட்டால் முகத்தில் தண்ணீர் தெளிப்பவனுக்கு அல்லாஹ் அருள் புரியட்டும் என்று அபூதாவூதில் ஒரு ஹதீஸ். அதில் மனைவி கணவனை எழுப்புவதும் வருகிறது. நடுராத்திரிவரை குழம்பு சுட வைக்கச் சொல்லிவிட்டு நாலு மணிக்கு யார் முகத்தில் தண்ணீர் தெளிப்பது? தெளித்துத்தான் பாருங்களேன்!

உழைப்புதான் தடை என்றால், உழைப்பு இல்லாத நாளில் தடையும் இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. அன்றைக்குத்தான் சுபுஹு ஜமாஅத்தே மெலிகிறது. பாங்கு சொல்கிற மோதினார் சாட்சி. காரணம் சனிக்கிழமை ராத்திரி. நிக்காஹ் சாப்பாடு ஒன்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பதினோரு மணிக்கு இலை போட்டு, பிரியாணி, கத்திரிக்காய், தயிர் வெங்காயம் என்று நிரப்பிக்கொண்டு வந்து படுத்தால், மலக்கு (வானவர்) வந்து உலுக்கினாலும் எழ முடியாது. (ஆம்பூர் பிரியாணியைக் குறை சொல்லவில்லை. நேரத்தைத்தான் சொல்கிறேன். அடுத்த வாரம் எனக்கும் ஒரு பத்திரிகை வந்திருக்கிறது.)

ரமலானில் ஸஹருக்கு, அதாவது நோன்புக்கு முந்திய சாப்பாட்டுக்கு எழுகிறோமே, அதே உழைப்புத்தானே என்று கேட்க நினைத்தேன். வேண்டாம். இப்போது பலர் ஸஹருக்கு எழுவதில்லை, ஸஹர் வரை தூங்குவதே இல்லை. அதுவும் என் கட்சிக்குத்தான் சாட்சி.

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. முதல் நாள் மதியமே போன் செத்துவிட்டது. அன்றைக்குக் கம்பெனியில் ஓவர்டைம் வேறு, கால் இரண்டும் கல்லாக இருந்தன. இருட்டில் செய்ய ஒன்றுமில்லாமல் 9.30-க்குப் படுத்தேன். தானாக விழிப்பு வந்தது. திருடன் வந்துவிட்டானோ என்று முதலில் பயந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் மணி 4. பதினாறு வருடத்தில் அலாரம் இல்லாமல் நான் எழுந்த முதல் தஹஜ்ஜுத் அது. உழைப்பு குறையவில்லை, கூடித்தான் இருந்தது. குறைந்தது ஒன்றே ஒன்று. மறுநாள் கரண்ட் வந்தது, அதற்கு மறுநாள் 12.30-க்குப் படுத்தேன். அப்புறம் என்ன, ஐந்து அலாரம், ஐந்தையும் அணைத்தது நான்தான் என்று வீட்டில் சொன்னார்கள்.

கடைசியாக ஒரு ஹதீஸ், இதற்கு எதிரணி பதில் சொல்லட்டும். நபிகளார் இஷாவுக்கு முன்னால் தூங்குவதையும், இஷாவுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருப்பதையும் வெறுத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. பகலில் உழைப்பதை அவர்கள் வெறுக்கவில்லை, தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவு இல்லை என்றார்கள். இஷாவுக்குப் பிந்திய அரட்டைக்குத்தான் அவர்களிடம் இடமில்லை. கல்வியும் நல்ல காரியமும் பேச விலக்கு உண்டு என்று நடுவர் ஹஜ்ரத் சொல்வார்கள், வேலூர் பாக்கியாத் மதரஸாவில் ஓதி 'பாகவி' பட்டம் வாங்கியவர்கள், அவர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்வேன். அந்த விலக்கை நம்பித்தான் இந்த மேடையும் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் அழைப்பிதழில் 8.45 என்று அச்சடித்துவிட்டு நாம் தொடங்கியது 9.20-க்கு. இப்போது மணி 10 ஆகப் போகிறது. எதிரணியில் இன்னும் ஒருவர் பேச வேண்டும், தீர்ப்பு வேறு இருக்கிறது, அதற்கப்புறம் டீ இருக்கிறது. எனக்குக் கொடுத்த நேரத்தில் இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி. அதைத் திருப்பித் தந்துவிட்டு உட்காருகிறேன், ஹஜ்ரத். வீட்டில் ஒருத்தி எனக்காக இன்னும் அடுப்பை அணைக்காமல் உட்கார்ந்திருப்பாள்.